சைடு ஸ்டாண்டில் குச்சி காய்ந்திருக்கிறது, மெயின் ஸ்டாண்டில் ஓவர் ஆயில் என்கிறது: எதை நம்புவது?

மடிப்பாக்கம் வாசி

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 125 சிசி வண்டி, நான்கு வருடம் ஆகிறது, 38 ஆயிரம் கி.மீ ஓடியிருக்கிறது. தினமும் மடிப்பாக்கத்திலிருந்து கிண்டி போய்வருவதுதான் வேலை. அடுத்த வாரம் ஈசிஆர் வழியாகப் புதுச்சேரி போகலாம் என்று இருக்கிறோம், அதனால் புத்திசாலித்தனமாக முன்னாடியே ஆயில் பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். அங்கேதான் வினை ஆரம்பம்.

வண்டி ராத்திரி முழுக்க வாசலில் சைடு ஸ்டாண்டில் நின்றிருந்தது. அப்படியே ஆயில் மூடியைத் திருகி எடுத்து, அதோடு சேர்ந்திருக்கிற அளவுக் குச்சியைத் துடைத்து, ஓட்டையில் வைத்துப் பார்த்தால் நுனியில்கூட ஆயில் ஒட்டவில்லை. பயந்துபோய் பக்கத்து பங்கில் ஒரு பாட்டில் வாங்கிவந்து 300 மி.லி போல ஊற்றினேன். திரும்பப் பார்த்தால் கீழ்க்கோட்டைக் கொஞ்சம் தொட்டது. சரி, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை செயின் டைட் பண்ணப் போன இடத்தில் மெக்கானிக் மெயின் ஸ்டாண்டு போட்டு, மூடியை முழுக்கத் திருகி எடுத்துப் பார்த்துவிட்டு "என்ன சார் இவ்வளவு ஊத்தி வச்சிருக்கீங்க" என்கிறார். மேல்கோட்டைத் தாண்டி ரொம்ப தூரம் ஏறியிருந்தது. வீட்டுக்கு வந்து நானே மெயின் ஸ்டாண்டு போட்டு, திருகாமல் சும்மா உட்காரவைத்துப் பார்த்தேன். மேல்கோட்டுக்கு மேலே கொஞ்சம்தான். என் மச்சான், அவன் பத்து வருடமாக வண்டி ஓட்டுகிறவன், "ஆயில் கூட இருந்தா நல்லதுதானே, கொறஞ்சாதான் எஞ்சின் போகும்" என்கிறான்.

ஒரே வண்டி, ஒரே ஆயில், மூன்று அளவு. எது சரி? இன்னொன்றும் சொல்ல வேண்டும், இரண்டு நாளாக வண்டி கனமாக இழுக்கிற மாதிரி இருக்கிறது, ஏர் ஃபில்டர் பெட்டிக்குக் கீழே தொங்குகிற குட்டி ட்யூபில் ஆயில் தெரிகிறது. என் மனப்பிரமையா என்று தெரியவில்லை.


தயிர்சாதம்

மனப்பிரமைக்கு ட்யூபில் ஆயில் வராது தலைவா :) சீட்டுக்கு அடியில் ஒரு புத்தகம் கொடுத்திருப்பார்கள், பிளாஸ்டிக் கவரோடு அப்படியே இருக்கும், அதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். நானும் மூன்று வருடம் கழித்துத்தான் பிரித்தேன்.


சைதை ஸ்பேனர்

நான் சைதாப்பேட்டையில் பத்தொன்பது வருடம் இந்த வேலைதான் பார்த்தேன், இப்போது கடை இல்லை, ஆனால் இதே கதையை வாரத்துக்கு ஒருவராவது வந்து சொல்லியிருப்பார்கள். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

உங்கள் வண்டியில் ஆயில் ஊற்றும் மூடி வலது பக்கம் இருக்கும், கிளட்ச் கவர் இருக்கிற பக்கம். சைடு ஸ்டாண்டு போட்டால் வண்டி எந்தப் பக்கம் சாயும்? இடது பக்கம். எஞ்சினுக்கு அடியில் இருக்கிற ஆயில் அத்தனையும் இடது பக்கம் போய்த் தேங்கும், வலது பக்கம் மட்டம் இறங்கிவிடும். நீங்கள் குச்சியை விட்டது அந்த இறங்கின பக்கம். ஆயில் முழு அளவு இருந்தாலும் காய்ந்துதான் காட்டும். தட்டில் ரசம் ஊற்றி ஒரு பக்கம் தூக்கிப் பாருங்கள், அதுதான் விஷயம். அதோடு நம் ஊரில் வாசல் எல்லாம் தெருவைப் பார்த்துச் சரித்துத்தானே கட்டியிருப்பார்கள், மழைத்தண்ணி உள்ளே வரக்கூடாது என்று. அந்தச் சாய்வும் சேர்ந்திருக்கும்.

மெக்கானிக் பார்த்ததிலும் ஒரு கோளாறு இருக்கிறது. மூடியை முழுக்கத் திருகினால் குச்சி மரை அளவுக்குக் கீழே போகும். ஒரு செ.மீ கூடுதலாக முங்கினால் ஒரு செ.மீ கூடுதலாகத்தான் காட்டும். பெரும்பாலான நம்மூர் வண்டிகளில் திருகாமல், மரையின் விளிம்பில் சும்மா உட்காரவைத்துப் பார்ப்பதற்குத்தான் அந்தக் கோடு போட்டிருக்கிறார்கள். சில வண்டிகளில் திருகிப் பார்க்கச் சொல்லியிருக்கும், அதனால்தான் தயிர்சாதம் சொன்ன புத்தகம் முக்கியம். திருகக்கூடாத வண்டியில் திருகிப் பார்ப்பது சைடு ஸ்டாண்டில் பார்ப்பதைவிட ஆபத்து என்பேன். சைடு ஸ்டாண்டு தப்பு ஆயிலைக் குறைவாகக் காட்டும், நீங்கள் கூடுதலாக ஊற்றுவீர்கள், வண்டி முனகும், கண்டுபிடித்துவிடலாம். திருகுகிற தப்பு குறைந்த ஆயிலை நிறைந்ததாகக் காட்டும், நிம்மதியாக ஓட்டிக்கொண்டே இருப்பீர்கள், அப்புறம் ஒரு நாள் எஞ்சின் ஹெட்டில், வால்வைத் திறந்து மூடுகிற கேம் தேய்ந்து சத்தம் கேட்கும்.

ஆக, நீங்கள் கடைசியாக வீட்டில் பார்த்ததுதான் உண்மைக்குப் பக்கம். மேல்கோட்டுக்கு மேலே இருக்கிறது, அதாவது ஓவர் ஆயில்.

முறையாகப் பார்ப்பது இப்படி. சமதளமான இடம், மெயின் ஸ்டாண்டு. வண்டியை ஸ்டார்ட் செய்து மூன்று முதல் ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு நிறுத்துங்கள். இரண்டு மூன்று நிமிடம் சும்மா இருங்கள். மேலே ஹெட்டில் ஏறின ஆயில் இறங்கிவர அந்த நேரம் வேண்டும். அப்புறம் மூடியைச் சுற்றி இருக்கிற மண்ணைத் துடைத்துவிட்டுத் திறக்க வேண்டும், இதை யாரும் செய்வதில்லை, அந்த மண் நேராக உள்ளே விழும். குச்சியைப் பனியன் வேஸ்டால் துடைத்து, நேராக விட்டு, திருகாமல் உட்காரவைத்து, எடுத்துப் பாருங்கள். ஒரு தடவை நம்பாதீர்கள், மூன்று தடவை பாருங்கள். வெளியே எடுக்கும்போது மரையில் ஒட்டியிருக்கிற ஆயில் குச்சியில் வழிந்து பொய் சொல்லும்.

இரண்டு கோட்டுக்கும் நடுவில் எங்கே இருந்தாலும் போதும். மேல்கோட்டைத் தொட்டே ஆக வேண்டும் என்பதில்லை.


மடிப்பாக்கம் வாசி

அண்ணா, ரொம்ப நன்றி. ரசம் உதாரணம் மண்டையில் ஏறிவிட்டது. ஆனால் ஒரு சந்தேகம், வெறும் சாய்வு இவ்வளவு வித்தியாசம் காட்டுமா? நுனிகூட நனையவில்லையே.


கணக்குப்புலி

காட்டும். சைடு ஸ்டாண்டில் வண்டி ஒரு 10 டிகிரி சாய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குச்சி எஞ்சினின் நடுவிலிருந்து 8 செ.மீ வலது பக்கம் தள்ளி இருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 10 டிகிரிக்கு டேன் மதிப்பு 0.176. எட்டோடு பெருக்கினால் 1.4 செ.மீ. அந்த இடத்தில் ஆயில் மட்டம் அவ்வளவு இறங்கியிருக்கும். உங்கள் குச்சியில் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவே எவ்வளவு என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள், இந்த மாதிரி வண்டிகளில் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கோட்டையே தாண்டிக் கீழே போகும்போது நுனி எப்படி நனையும்.

பத்தாம் வகுப்பில் டேன் தீட்டா எதற்குப் படித்தோம் என்று கேட்டவர்கள் எல்லோரும் வரிசையில் வரவும்.


காலைநேர ரைடர்

ஸ்பேனர் அண்ணன் சொன்னதில் ஒன்றே ஒன்று ஒத்துக்கொள்ள மாட்டேன். எதற்கு ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி இந்த வேலை எல்லாம்? காலையில் குளிர்ந்த எஞ்சினில் பார்த்தால் ராத்திரி முழுக்க எல்லா ஆயிலும் அடியில் இறங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு. என் அப்பா அம்பாசடர் காரில் அப்படித்தான் பார்ப்பார். அப்புறம் 200 மி.லி கூட இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது, தேவையில்லாமல் பயமுறுத்த வேண்டாம்.


சைதை ஸ்பேனர்

சார், காலையில் பார்ப்பது குற்றம் இல்லை. ராத்திரி இறங்கின ஆயிலால் மட்டம் கொஞ்சம் ஏறும், குளிர்ந்த ஆயில் சுருங்கியிருப்பதால் கொஞ்சம் இறங்கும், இரண்டும் ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். ஒரு லிட்டர் ஆயில் 60 டிகிரி சூடானால் 40 மி.லி போல விரியும், அவ்வளவுதான். ஆனால் வண்டியைச் செய்தவர் ஒரு முறையைச் சொல்லி அதற்குத்தான் கோடு போட்டிருக்கிறார், அந்த முறையில் பார்ப்பதில் நமக்கு என்ன நஷ்டம், ஐந்து நிமிடம்தானே. செய்யவே கூடாதது, கிண்டியிலிருந்து ஓட்டிவந்து நிறுத்தின கையோடு மூடியைத் திறப்பது. பாதி ஆயில் மேலே இருக்கும், குறைவாகக் காட்டும், கையும் சுடும்.

200 மி.லி விஷயத்தில் மட்டும் நான் விடமாட்டேன். உங்கள் அப்பாவின் காரில் நான்கு லிட்டர் பக்கம் இருக்கும், அதில் 200 என்பது இருபதில் ஒரு பங்கு. இந்தத் தம்பியின் வண்டியில் இருப்பதே ஒரு லிட்டருக்கு உள்ளே. இதில் 200 என்றால் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு டம்ளர் காபியில் ஒரு ஸ்பூன் சர்க்கரைக்கும் ஒரு அண்டாவில் ஒரு ஸ்பூனுக்கும் வித்தியாசம் இல்லையா.

கூடினால் என்ன ஆகும் என்றால், பிஸ்டன் சுழற்றுகிற தண்டு, அதுதான் கிராங்க், அது சுற்றும்போது ஆயில் மட்டத்தில் போய் இடிக்கும். தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி, அதுதான் தம்பிக்கு வண்டி கனமாகத் தெரிகிறது. கடைந்து கடைந்து ஆயில் நுரைக்கும். நுரையைப் பம்பு இழுத்தால் பாதி ஆயில் பாதி காற்று, வேண்டிய இடத்துக்கு வேண்டிய பிரஷர் போகாது, ஆகக் கூடுதல் ஆயிலாலேயே ஆயில் பற்றாக்குறை. உள்ளே அழுத்தம் ஏறி பிரீதர் குழாய் வழியாக ஆயில் ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும், ஃபில்டர் நனையும், அந்தக் குட்டி ட்யூபில் தெரியும். அதற்கும் மேலே போனால் நீலப் புகை, ஆயில் சீல் கசிவு. தம்பி சொன்ன அடையாளம் எல்லாம் அதேதான்.


மடிப்பாக்கம் வாசி

சரி, எடுத்துவிடுகிறேன். எப்படி எடுப்பது? ட்ரெயின் நட்டைக் கொஞ்சமாக லூஸ் செய்யலாமா?


சைதை ஸ்பேனர்

செய்யலாம், ஆனால் நான் வேண்டாம் என்பேன். அந்த நட்டைப் பாதி கழற்றி 200 மி.லி மட்டும் விடுவது என்பது பால் பாக்கெட்டில் ஓட்டை போட்டு ஒரு டம்ளர் மட்டும் எடுக்கிற கதை. கை முழுக்க ஆயில், தரை முழுக்க ஆயில், வாஷரும் ஒரு தடவை நசுங்கினதுதான் மறுபடி கசியும், அவசரத்தில் வேகமாக முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும், அது 50 ரூபாய் வேலையை 1500 ரூபாய் வேலையாக்கும்.

மெடிக்கல் ஷாப்பில் 50 மி.லி சிரிஞ்ச் கேளுங்கள், ஊசி வேண்டாம். கூடவே குளுக்கோஸ் ஏற்றுகிற ட்யூப் ஒன்று. ட்யூபை அளவாக வெட்டி சிரிஞ்சில் செருகி, வண்டி லேசாகச் சூடாக இருக்கும்போது ஆயில் மூடி ஓட்டை வழியாக விட்டு உறிஞ்சுங்கள். சூடான ஆயில்தான் சுலபமாக ஏறும், ரொம்பச் சூடு வேண்டாம். ட்யூப் நழுவி உள்ளே விழாமல் சிரிஞ்சில் இறுக்கமாக இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள், அது விழுந்தால் கிளட்ச் கவர் கழற்ற வேண்டிவரும். எடுத்த ஆயிலை அளந்து ஒரு பாட்டிலில் வையுங்கள், மழைநீர் கால்வாயில் கொட்ட வேண்டாம், கடையில் கொடுத்தால் பீப்பாயில் சேர்த்துக்கொள்வார்கள்.

ஏர் ஃபில்டரையும் கழற்றிப் பாருங்கள். பேப்பர் ஃபில்டர் ஆயிலில் ஊறியிருந்தால் கழுவி உபயோகமில்லை, மாற்றிவிடுங்கள். பெட்டிக்குள்ளே துணியால் துடைத்து, அந்தக் குட்டி ட்யூபின் மூடியைக் கழற்றி வடித்துவிடுங்கள்.

பங்கில் வாங்கினது என்ன கிரேடு?


மடிப்பாக்கம் வாசி

பாட்டிலில் 20டபிள்யூ-40 என்று இருக்கிறது. இப்போதுதான் புத்தகத்தைப் பிரித்தேன் (ஆமாம், கவரோடுதான் இருந்தது), அதில் 10டபிள்யூ-30 போடச் சொல்லியிருக்கிறது. போச்சா?


கணக்குப்புலி

போகவில்லை. கெட்டியான ஆயில் கொஞ்சம் கலந்திருக்கிறது, அடுத்த ஆயில் சர்வீஸ் வரை ஓட்டலாம். சென்னை வெயிலுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை, மைலேஜ் லேசாகக் குறையலாம். பார்க்க வேண்டியது பாட்டிலில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா என்பது. பைக்கில் கிளட்ச் பிளேட் எஞ்சின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டிருக்கிறது. கார் ஆயிலில் வழுக்கலுக்காகச் சேர்க்கிற சரக்கு பல வகைகளில் உண்டு, அது கிளட்ச் பிளேட்டுக்குப் போனால் கிளட்ச் நழுவ ஆரம்பிக்கும், மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி நகராது. இந்தக் குழப்பத்துக்காகத்தான் ஜப்பான்காரர்கள் 1998-ல் தனியாக இந்த ஜாசோ தரமே கொண்டுவந்தார்கள். எம்பி என்று போட்டிருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு.

இன்னொரு விஷயம், எதிர்காலத்துக்கு. புத்தகத்தில் ஆயில் அளவு என்று இரண்டு எண் இருக்கும், ஆயில் மாற்றும்போது ஒன்று, எஞ்சினை முழுக்கப் பிரித்து மாட்டும்போது ஒன்று. பெரிய எண்ணைப் பார்த்துவிட்டு முழு பாட்டிலையும் கவிழ்க்கிற கடைகள் நிறைய. வடித்தாலும் உள்ளே கொஞ்சம் ஆயில் தங்கியிருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பாட்டிலில் மிச்சம் வந்தால் "ஏன் முழுசா ஊத்தல, காசு வாங்கினீங்களே" என்று சண்டை போடுகிற கஸ்டமர்களும் இதற்குக் காரணம் என்று ஸ்பேனர் அண்ணன் சொல்வார் பாருங்கள்.


சைதை ஸ்பேனர்

சொல்லவே வேண்டாம். மிச்ச ஆயிலைப் பாட்டிலோடு கையில் கொடுத்து அனுப்பினால்தான் நம்புவார்கள்.


கண்ணாடி ஜன்னல்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் வண்டியில் குச்சியே கிடையாது, வலது பக்கம் ஒரு சின்ன வட்டக் கண்ணாடிதான். மெயின் ஸ்டாண்டும் கொடுக்கவில்லை, இப்போது வருகிற ஸ்போர்ட்ஸ் வண்டி எதிலும் கொடுப்பதில்லை போல. தனியாக இருக்கிறவன் நான். ஒரு கையால் வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு தரையில் படுத்துக் கண்ணாடியைப் பார்க்க எனக்கு இன்னொரு உடம்பு வேண்டும்.


தயிர்சாதம்

போனில் வீடியோ ஆன் செய்து கண்ணாடிக்கு எதிரே தரையில் செங்கல் மேல் சாய்த்து வையுங்கள். வண்டியில் உட்கார்ந்து இரண்டு காலையும் ஊன்றி நேராக நிமிர்த்துங்கள். பத்து எண்ணுங்கள். இறங்கி வீடியோவைப் பாருங்கள். நானும் தனிக்கட்டைதான்.


சைதை ஸ்பேனர்

நல்ல யோசனை, இது எங்கள் காலத்தில் இல்லை. நான் சேர்ப்பது இரண்டு. நேராக நிமிர்ந்திருக்கிறதா என்பதைக் கண்ணளவில் நம்பாமல் லேசாக இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டு நடுவில் நிறுத்துங்கள். கண்ணாடி முழுக்க ஆயிலாகத் தெரிந்தால் அது மேல்கோடு வரைக்குமா அதற்கும் மேலேயா என்று தெரியாது, அப்போது வண்டியை மெதுவாக இடது பக்கம் சாய்த்தால் மட்டம் இறங்கிக் கண்ணாடியில் கோடு தெரியும். லேசாகச் சாய்த்ததுமே தெரிந்தால் சரி, சைடு ஸ்டாண்டு வரைக்கும் சாய்த்தும் தெரியவில்லை என்றால் ஆயில் எக்கச்சக்கம். காலியாகத் தெரிந்தால் வலது பக்கம் சாய்த்துப் பாருங்கள், ஆனால் அந்தப் பக்கம் ஸ்டாண்டு இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள்.

பழைய வண்டியில் கண்ணாடிக்கு உள்ளே கறை பிடித்து அதுவே ஆயில் மட்டம் மாதிரி தெரியும். ஆட்டும்போது கோடு அசைகிறதா என்று பாருங்கள், அசையாத கோடு கறை.


திருவொற்றியூர் புல்லட்

இந்தக் கால வண்டிக்கே இவ்வளவு குழப்பம் என்றால் எங்கள் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வீர்கள். அதில் ஆயில் தொட்டி தனி, அடியில் இருக்கிற சம்ப் தனி, ஆனால் இரண்டும் ஒரே வார்ப்புக்குள்ளே. ஓடும்போது ஒரு பம்பு தொட்டியிலிருந்து எஞ்சினுக்குக் கொடுக்கும், இன்னொரு பம்பு கீழே விழுந்ததைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும். பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் தொட்டி ஆயில் பம்பு வழியாகக் கசிந்து கீழே இறங்கியிருக்கும். காலையில் குச்சியை விட்டால் ஆயிலே இல்லை என்று சொல்லும். அதைப் பார்த்துவிட்டு ஊற்றினால், ஸ்டார்ட் செய்த ஐந்தாவது நிமிடம் இறங்கின ஆயிலும் மேலே வந்து சேர, பிரீதரில் ஊற்றெடுக்கும், பேன்ட்டில் அபிஷேகம்.

அதனால் எங்களுக்குக் காலைநேர ரைடர் சொன்ன முறை சுத்தமாக ஆகாது. நன்றாக ஓட்டிவிட்டு வந்து, நிறுத்தி, கொஞ்ச நேரத்தில் பார்க்க வேண்டும். அதிலும் இது எஞ்சின் ஆயில் மட்டும். கியர்பாக்ஸுக்குத் தனி, கிளட்ச் இருக்கிற பிரைமரி செயின் கேஸுக்குத் தனி, அதன் மட்டம் பார்க்க அந்தக் கவரிலேயே ஒரு சின்ன ஸ்க்ரூ, கழற்றினால் ஆயில் எட்டிப்பார்க்க வேண்டும். 1955-ல் மெட்ராஸுக்கு வந்த வண்டி, எங்கள் பேட்டைப் பிள்ளை, அதனால் திட்டிக்கொண்டே வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் ஆயில் கசியாத புல்லட் என்றால் அதில் ஆயில் இல்லை என்று அர்த்தம் என்பார்கள்.


காலைநேர ரைடர்

ஐயா சொன்னபிறகு ஒத்துக்கொள்கிறேன், வண்டிக்கு வண்டி மாறும். வாபஸ்.


ஏரிக்கரை

வேளச்சேரிக்காரன் ஒருவன் பேசாவிட்டால் இந்தப் பேச்சு முழுமையாகாது. எல்லோரும் ஆயில் குறைவதைப் பற்றிப் பேசுகிறீர்கள், ஊற்றாமலேயே ஆயில் ஏறினால் என்ன செய்வீர்கள்?

2015 டிசம்பரில் என் வண்டி சீட்டு வரைக்கும் தண்ணீரில் நின்றது, மூன்று நாள். தண்ணீர் வடிந்ததும் குச்சியை எடுத்துப் பார்த்தால் மேல்கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே, நிறம் பால் கலந்த காபி. ஏர் ஃபில்டர், சைலன்சர், பிரீதர் எல்லா வழியிலும் தண்ணீர் உள்ளே போய்விட்டது. என் அதிர்ஷ்டம், கிக் அடிப்பதற்கு முன்னால் குச்சியைப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார்கள், சிலிண்டரில் தண்ணீர் இருந்தது, தண்ணீர் அமுங்காது அல்லவா, கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. நான் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை வடித்து, மலிவான ஆயில் ஊற்றி ஐந்து நிமிடம் ஓடவிட்டு வடித்து, திரும்பவும் அதே மாதிரி செய்து, மூன்றாவது தடவைதான் வெள்ளை போனது. அதனால் மிக்ஜாம் புயல் சமயத்தில் 2023-ல் வண்டியை முந்தின நாளே மேம்பாலத்தில் ஏற்றிவிட்டேன், அது வேறு கதை.

மழைக்காலத்தில் தினமும் இரண்டு கி.மீ மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு மூடியின் உள்பக்கம் கொஞ்சம் வெள்ளையாகப் படியும், அது காற்றில் இருக்கிற ஈரம், ஒரு நாள் நீளமாக ஓட்டினால் போய்விடும். குச்சியிலேயே வெள்ளை தெரிந்தால்தான் விஷயம்.

கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பெட்ரோல் டேப்பை மூடாமல் விட்டு, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கிற ஃப்ளோட் நீடிலில் தூசி மாட்டிக்கொண்டால் பெட்ரோல் சொட்டுச் சொட்டாக எஞ்சினுக்குள் இறங்கும். குச்சியில் அளவு ஏறியிருக்கும், ஆயில் தண்ணியாக இருக்கும், மோந்து பார்த்தால் பெட்ரோல் வாசனை. அந்த ஆயிலோடு ஓட்டவே கூடாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) இன்ஜெக்ஷன் வண்டிகளில் கார்புரேட்டரே இல்லாததால் இந்த வழி அடைபட்டுவிட்டது.


மடிப்பாக்கம் வாசி

முடித்துவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் சமதளம் தேடிய கதை தனி. எல்லாம் கால்வாயைப் பார்த்துச் சரிகிறது. கடைசியில் லிஃப்டுக்கு முன்னால் இருக்கிற இடத்தில்தான் தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்தால் உருளவில்லை, அங்கே மெயின் ஸ்டாண்டு போட்டேன். செக்யூரிட்டி தாத்தா ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும் என்றார், நாற்பது நிமிடம் ஆனது, அவரே டார்ச் பிடித்தார்.

நான்கு நிமிடம் ஓடவிட்டு, மூன்று நிமிடம் காத்திருந்து, திருகாமல் மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் மேல்கோட்டுக்கு மேலே. சிரிஞ்சில் மொத்தம் 180 மி.லி எடுத்தேன், முதல் 100 வரை குச்சியில் பெரிய மாற்றம் தெரியவில்லை, அப்புறம்தான் இறங்கியது. இப்போது மேல்கோட்டுக்குச் சரியாகக் கீழே நிற்கிறது. அப்படியென்றால் 300 ஊற்றுவதற்கு முன்னால் மேல்கோட்டுக்கு 120-தான் குறைந்திருக்கிறது, எதுவும் ஊற்றாமலேயே புதுச்சேரி போய்வந்திருக்கலாம்!

ஏர் ஃபில்டர் கீழ்ப்பாதி ஊறியிருந்தது, மாற்றிவிட்டேன். ட்யூபில் ஒரு ஸ்பூன் போல வடிந்தது. வண்டி பழையபடி ஓடுகிறது. மச்சானிடம் காட்டினேன், அவன் ஒன்றும் பேசாமல் அவன் வண்டி மூடியைத் திறந்து பார்க்கப் போய்விட்டான், சைடு ஸ்டாண்டில்.


சைதை ஸ்பேனர்

அவரை மெயின் ஸ்டாண்டு போடச் சொல்லுங்கள் முதலில். ஈசிஆரில் 300 கி.மீ-க்கு மேல் ஓடும் இல்லையா, போய்ச் சேர்ந்ததும் மறுநாள் காலையில் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை பார்த்து எழுதி வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கினால், வெளியில் எங்கேயும் கசிவும் இல்லை என்றால், பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து எஞ்சின் ஆயில் குடிக்கிறது, அப்போது வந்து கேளுங்கள்.


தயிர்சாதம்

ஸ்கூட்டர் வைத்திருக்கிற என் தங்கை கேட்கச் சொன்னாள், அவளுக்கும் இதேதானா?


சைதை ஸ்பேனர்

எஞ்சின் ஆயில் பார்க்கும் முறை இதேதான், மெயின் ஸ்டாண்டு, திருகாமல். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் கியர் ஆயில் என்று தனியாக ஒன்று உண்டு, 100 மி.லி சொச்சம்தான் பிடிக்கும், அதை யாருமே மாற்றுவதில்லை. தங்கை வண்டி வாங்கி எத்தனை வருடம்?


தயிர்சாதம்

ஆறு. கேட்டதற்கு "அப்படி ஒன்று இருக்கா" என்கிறாள்.